பள்ளிவாசல் சூட்டில் பிறந்த கட்சி

எங்கட கண்டக்குழியில் கட்சிப் பேச்சு வந்தால், பெரியவர்கள் 1976 பெப்ரவரி 2ஐத் தொடாமல் விடமாட்டார்கள். அன்று புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் 7 பேர் ஷஹீதானார்கள். ஆளுங்கட்சி முஸ்லிம் எம்பீமார் வாய் திறக்கவில்லை. பாராளுமன்றத்தில் அதை எழுப்பியவர் தந்தை செல்வா. 'அப்ப நம்மட ஆக்கள் எதுக்கு?' எண்ட கேள்வி சும்மா வந்ததல்ல.

அந்தச் சூட்டின் கோபம் ஆறுமுன்பே உருவானது முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி. எம்.ஐ.எம். முஹிதீனும், 30 வயதைத் தொடாத சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃபும் அதில் முன்னின்றார்கள். 1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பட்டு, உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்களை இறக்கினார்கள். கூட்டணிக்கு 18 ஆசனம் கிடைத்தது. முஸ்லிம் வேட்பாளர் ஒருவரும் தேறவில்லை. புத்தளத்தில் வென்றவர் யூஎன்பியின் நெய்னா மரிக்கார். தொகுதிக்கு அதிக வாக்கு எடுத்தவரே எம்பீ எண்ட முறையில், பழைய குடும்பச் செல்வாக்கை நேற்று முளைத்த கட்சி அசைப்பது லேசா? தனிநாட்டுக் கோரிக்கையும் நம்மவர்களை மிரட்டியது எண்டே நினைக்கிறேன். சிங்கள ஊர்களுக்கு நடுவில் கடை வைத்திருப்பவன் அதை எப்படி ஏற்பான்?

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வந்த காலத்தில் உறவு கசந்து, அஷ்ரஃப் விலகிவிட்டார். அதே வருடம் செப்டம்பரில் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. 1986இல் அதன் தலைமை அவர் கைக்கு வந்தது. 1989இல், விகிதாசார முறையில், காங்கிரஸுக்கு 4 ஆசனம். அதில் ஒன்றும் புத்தளத்துக்கு இல்லை.