கோணல் வீட்டின் கதை
சுரங்கத்துக்குத் தப்பியது, கணக்குப் புத்தகத்துக்குத் தப்பவில்லை!

மேஜை மீது ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது எந்தப் பக்கம் உருளும்? பள்ளத்தை நோக்கித்தான். ஆனால் இங்கிலாந்து நாட்டில் ஒரு மதுவிடுதியில் அது மேட்டை நோக்கி உருண்டது!

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்தக் கட்டிடமே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுவர் கோணல், கதவு கோணல், ஜன்னல் கோணல். உள்ளே போனவர்களின் கண், சுவரை நேரானது என்று நம்பிவிடும். அதன் பிறகு பள்ளம் மேடாகத் தெரியும். மேடு பள்ளமாகத் தெரியும். பீர் குடிக்காமலே தள்ளாடக்கூடிய மதுவிடுதி அது ஒன்றுதான் போலும்!

அதன் பெயரே "கோணல் வீடு" (குரூக்டு ஹவுஸ்). ஸ்டாபோர்டுஷயர் மாவட்டத்தில், ஹிம்லி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "இருந்தது" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந்தேதி சனிக்கிழமை இரவு அதில் தீப்பிடித்தது. 7-ந்தேதி திங்கட்கிழமை பிற்பகலில் எந்திரம் வந்து மிச்சத்தையும் இடித்துத் தள்ளியது. இரண்டே நாளில் தரைமட்டம்!

குடியை ஆதரித்து இதை எழுதவில்லை. குடியால் குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் "பப்" என்று சொல்லுவது நம் ஊர் மதுக்கடை போன்றது அல்ல. "பப்ளிக் ஹவுஸ்" (பொது வீடு) என்பதன் சுருக்கம் அது. கணப்பு அடுப்பு இருக்கும். சாப்பாடு கிடைக்கும். கிழவர்கள் சீட்டு ஆடுவார்கள். பந்தாட்டக் குழு கூட்டம் போடும். கல்யாணமும் அங்கே, கருமாதிக்கு வந்தவர்கள் கூடுவதும் அங்கே. டீக்கடை பெஞ்சு, சாவடித் திண்ணை, சத்திரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படியோ, அப்படி. பல கிராமங்களில் மாதா கோவிலுக்கு அடுத்தபடி வயதான கட்டிடம் இதுதான்.

சாய்ந்தது எப்படி?

கோணல் வீடு 1765-ம் ஆண்டில் பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. அந்த வட்டாரத்துக்கே "கருப்பு நாடு" என்று பெயர். பூமிக்கு அடியில் நிலக்கரி. பூமிக்கு மேலே புகை. வீட்டுக்கு அடியிலும் தோண்டிவிட்டார்கள். நிலம் இறங்கியது. வீட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட சுமார் 4 அடி கீழே போய்விட்டது. ஆனாலும் விழவில்லை!

1830-ம் ஆண்டு வாக்கில் அது மதுவிடுதி ஆயிற்று. நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது. 1940-களில் "இது ஆபத்தான கட்டிடம், இடிக்க வேண்டியதுதான்" என்று முடிவு செய்யப்பட்டது. அப்போது கைகொடுத்தது, வுல்வர்ஹாம்ப்டன் அண்டு டட்லி என்ற பீர் கம்பெனி. முட்டுச் சுவர் எழுப்பி, இரும்பு உத்திரம் கொடுத்து, சாய்வை நிமிர்த்தாமல் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கோணலுக்குத்தான் கூட்டம் வருகிறது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து ஊர்க் கம்பெனி அல்லவா!

அதே கம்பெனிதான் 2007-ம் ஆண்டில் "மார்ஸ்டன்ஸ்" என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2020-ம் ஆண்டில் பீர் காய்ச்சும் தொழிலை டென்மார்க் நாட்டு கார்ல்ஸ்பர்க் கம்பெனியுடன் கூட்டுச் சேர்த்தது. தலைக்கு மேல் 100 கோடி பவுனுக்கும் அதிகமான கடன். (பவுன் என்பது இங்கிலாந்து நாணயம்.) கடனைக் குறைக்கக் கடைகளை விற்றார்கள். 2023-ம் ஆண்டு ஜனவரியில் கோணல் வீடும் விலைப் பட்டியலில் வந்தது. கேட்ட விலை 6¾ லட்சம் பவுன்.

முட்டுக்கொடுத்த கையே விற்ற கதை இது. ஜூலையில் வேறு கைக்கு மாறியது. ஆகஸ்டில் சாம்பல்.

தீயை அணைக்க வந்த வண்டிகளுக்குப் போகும் பாதையிலே மண்மேடு! யாரோ தீ வைத்ததாகக் கருதியே போலீசார் விசாரித்தார்கள். பாதுகாப்புக்காக மாடியின் சில பகுதிகளை மட்டும் அகற்றத்தான் பேச்சு, முழுக் கட்டிடத்தையும் இடிக்க சம்மதிக்கவில்லை என்று மாவட்ட கவுன்சில் அறிவித்தது. ஜனங்கள் இடிபாட்டின் முன்னால் வந்து நின்று அழுதார்கள்.

தீ யாருடைய வேலை என்பது போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உரிய விஷயம். நாம் பார்க்க வேண்டியது வேறு. தீ கடைசி நாளில் வந்தது. வியாதி எத்தனையோ ஆண்டுகளாக இருந்தது. இந்த ஒரு விடுதிக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல.

கட்டுக்கடை

இங்கிலாந்தில் மதுவிடுதி நடத்துகிறவர்களில் பலர் அதன் சொந்தக்காரர்கள் அல்ல, குத்தகைக்காரர்கள். கட்டிடம் பீர் கம்பெனிக்குச் சொந்தம். குத்தகை எடுத்தவர் அந்தக் கம்பெனியின் பீரைத்தான் வாங்கி விற்க வேண்டும். இதைக் "கட்டுக்கடை" முறை என்று சொல்லலாம்.

ஒரு மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். "விதையும் உரமும் என்னிடம்தான் வாங்க வேண்டும், நான் சொல்வதுதான் விலை" என்கிறார். குத்தகைப் பணமும் தனியாகக் கட்ட வேண்டும். எப்படி இருக்கும்? அதுதான் இது.

முன்பு இதிலே ஒரு நியாயமும் இருந்தது. பீர் விற்றால்தான் கம்பெனிக்கு லாபம். ஆகவே கூரை ஒழுகினால் கம்பெனி ஓடு மாற்றும். வாடகையும் குறைவாக இருக்கும். நடத்துபவர் முப்பது நாற்பது ஆண்டு அங்கேயே இருப்பார். மாடியில் குடும்பம், கீழே வியாபாரம். ஊரிலே யாருக்குப் பிரசவம், யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

முதல் அடி 1960-களில் விழுந்தது. வாட்னி மான் என்ற லண்டன் கம்பெனி, 1963-ம் ஆண்டில் நார்விச் நகரத்தின் இரண்டு பழைய பீர் ஆலைகளை வாங்கியது. நார்போக் மாவட்டத்தின் மதுவிடுதிகளில் பெரும்பகுதி ஒரே கைக்கு வந்தது. ஆலைகள் மூடப்பட்டன. கிராமத்து விடுதிகள் வரிசையாகப் பூட்டப்பட்டன. பழைய மர வேலைப்பாட்டைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் பலகை அடித்தார்கள். பீப்பாயில் நுரைத்து முதிரும் பீருக்குப் பதிலாக, வாயு அடைத்த "ரெட் பாரல்" பீர். எந்த ஊருக்குப் போனாலும் அதே சிவப்பு வண்ணம், அதே சுவை. பொறுக்க முடியாமல் 1971-ம் ஆண்டில் நாலு பேர் சேர்ந்து "காம்ரா" என்ற சங்கம் ஆரம்பித்தார்கள். நல்ல பீருக்காகச் சங்கம்! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். பிற்காலத்தில் அதில் லட்சத்துக்கு மேல் அங்கத்தினர்கள் சேர்ந்தார்கள்.

பிள்ளையார் பிடிக்க...

இந்த ஏகபோகத்தை ஒடிக்க அரசாங்கம் 1989-ம் ஆண்டில் ஓர் உத்தரவு போட்டது. 2,000 விடுதிகளுக்கு மேல் வைத்திருக்கும் பீர் கம்பெனி, அதற்கு மேல் உள்ளதில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான். பிள்ளையார் பிடிக்கப் போனார்கள், குரங்காய் முடிந்தது!

எப்படி? பீர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான விடுதிகளை மொத்தமாக விற்றன. வாங்கியவர்கள் குத்தகைக்காரர்களும் அல்ல, ஊர்க்காரர்களும் அல்ல. புதிதாக முளைத்த "பப் கம்பெனி"கள் வாங்கின. இவர்கள் ஒரு சொட்டு பீர்கூடக் காய்ச்சுவதில்லை. ஆகவே 1989 உத்தரவு இவர்களைக் கட்டுப்படுத்தவில்லை! பழைய கட்டு அப்படியே இருந்தது. எஜமானன்தான் மாறினான். 1990-களின் கடைசியில் இங்கிலாந்தின் மிகப் பெரிய மதுவிடுதிச் சொந்தக்காரர் யார் தெரியுமா? ஜப்பான் நாட்டு நொமுரா முதலீட்டு நிறுவனம்! அதன் கையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விடுதிகள்.

பஞ்ச், என்டர்பிரைஸ் என்ற இரண்டு கம்பெனிகள் பிறகு ராட்சதர்களாக வளர்ந்தன. ஒவ்வொன்றிடமும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் விடுதிகள். பணம் எங்கிருந்து வந்தது? வரப்போகும் வாடகையை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனால் இன்னும் விடுதிகள். அவற்றின் வாடகையை அடகு வைத்து இன்னும் கடன். 2005-ம் ஆண்டு கடைசியில் பஞ்ச் கம்பெனி, "ஸ்பிரிட்" என்ற இன்னொரு கம்பெனியை வாங்கச் சம்மதித்த விலை 270 கோடி பவுன்!

கடன்காரனுக்கு வட்டி கட்ட வேண்டுமே. எங்கே போவது? குத்தகைக்காரரிடம்தான். வாடகை ஏறியது. வெளிச் சந்தையில் கிடைப்பதைவிட அதிக விலைக்குக் கம்பெனி பீர் வந்தது. வியாபாரம் நன்றாக நடந்தால், "உன் விற்பனை கூடியிருக்கிறதே" என்று அடுத்த தடவை வாடகை கூடும். உழைத்ததற்கு அபராதம்!

காமன்ஸ் சபையின் கமிட்டி ஒன்று 2009-ம் ஆண்டில் இதை விசாரித்தது. குத்தகைக்காரர்களிடம் கணக்கெடுத்ததில், மூன்றில் இரண்டு பேருக்கு ஆண்டு வருமானம் 15 ஆயிரம் பவுனுக்கும் குறைவு என்று தெரிந்தது. புருஷன், பெண்டாட்டி இருவரும் காலை முதல் நள்ளிரவு வரை உழைக்கும் தொழில் இது. தோற்றுப் போனால் வேலை மட்டுமா போகிறது? மாடியில் உள்ள வீடும் அல்லவா போகிறது! பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தன் சேமிப்பை எல்லாம் கொட்டுவார். ஆறு மாதம், ஒரு வருஷம். அவரும் போவார். கூரை ஒழுகும், யாரும் பார்க்கமாட்டார்கள். "நடத்த ஆள் தேவை" என்ற பலகை வாசலில் தொங்கும். நாலு ஆள் மாறிய பிறகு பழைய வாடிக்கைக்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். அப்புறம் கம்பெனி என்ன சொல்லும்? "ஜனங்கள் வரவில்லை. இந்தக் கடை ஓடாது!"

எல்லாப் பழியும் கம்பெனிகள் மீது மட்டும் என்று சொல்ல முடியாது. 2007-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் விடுதிக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. பீர் வரி ஏறியது. பெரிய பலசரக்கு அங்காடிகளில் பீர் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. வீட்டிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். காற்று அடிக்கத்தான் அடித்தது. ஆனால் வேரை வெட்டி வைத்திருந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. 2008-ம் ஆண்டில் சுமார் 50 ஆயிரம் விடுதிகள் இருந்தன. 2018-ம் ஆண்டில் சுமார் 39 ஆயிரம். பத்தே ஆண்டில் 11 ஆயிரம் மறைந்தன!

பஞ்ச் கம்பெனியும் தப்பவில்லை. கடனைக் கட்ட முடியாமல் திணறி, 2014-ம் ஆண்டில் கடன் கொடுத்தவர்களுக்கே பங்குகளைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. "கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன்" என்று கேட்கும் உரிமையைக் குத்தகைக்காரருக்குக் கொடுக்க 284 பேர் ஓட்டுப் போட்டார்கள். எதிர்ப்பு 269. அரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாக நிறைவேறியது! அது 2016-ம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்தது. 500 கட்டுக்கடைகளும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான். அதற்குள் எத்தனையோ பூட்டிக் கிடந்தன.

செங்கலுக்குச் செங்கல்

பூட்டிய விடுதிக்கு மனையாக நல்ல விலை. லண்டனில் கேட்கவே வேண்டாம். அங்கே கார்ல்டன் டாவர்ன் என்று ஒரு விடுதி. 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. மனையை வாங்கிய கம்பெனி, அடுக்கு வீடு கட்ட அனுமதி கேட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மறுத்துவிட்டது. பாதுகாக்க வேண்டிய கட்டிடமாக அறிவிக்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, 2015-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி இடித்துவிட்டார்கள்!

அக்கம்பக்கத்தவர் சும்மா இருக்கவில்லை. முன்கூட்டியே சந்தேகப்பட்டு, கட்டிடத்தின் படங்களும் அளவுகளும் எடுக்கச் செய்திருந்தார்கள். "இருந்தது போலவே செங்கலுக்குச் செங்கல் திருப்பிக் கட்டு" என்று கவுன்சில் உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 2021-ம் ஆண்டு ஏப்ரலில் விடுதி மறுபடி திறந்தது.

லண்டனில் நன்ஹெட் பகுதியில் உள்ள ஐவி ஹவுஸ் கதை இன்னும் நல்ல கதை. 2012-ம் ஆண்டில் அதை மூடி விற்கப் பார்த்தார்கள். ஊர்ச் சொத்தாகப் பதிவு செய்ய ஒரு புதுச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கடனும் மானியமும் வாங்கி, ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டு, விடுதியை விலைக்கே வாங்கிவிட்டார்கள். 2013-ம் ஆண்டில் திறந்தது. கட்டிடம் அதேதான், தெருவும் அதேதான். கணக்குப் பார்ப்பவர்கள் மட்டும் இப்போது அதே தெருவில் குடியிருந்தார்கள்!

கோணல் வீட்டுக்கும் உத்தரவு பிறந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சவுத் ஸ்டாபோர்டுஷயர் கவுன்சில் நோட்டீசு கொடுத்தது. மூன்று ஆண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். தீப்பிடிப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று கண்டிப்பு. அதாவது, கொத்தனார் தூக்குக்குண்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து கோணலாகவே கட்ட வேண்டும்! சொந்தக்காரர்கள் அதை எதிர்த்து அப்பீல் செய்தார்கள்.