மரம் தின்னும் புழு கற்றுத் தந்த பாடம்

மாணவர்களே, பெருங்காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு சாலையின் குறுக்கே மரம் விழுந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்ததும் சங்கிலி ரம்பம் உறுமத் தொடங்கும். கைவாளால் அரை நாள் அறுக்க வேண்டிய அடிமரம் சில நிமிடங்களில் துண்டுகளாகிவிடும். ரப்பர் மரங்களை மறுநடவுக்காக வெட்டும்போதும், டுரியான் தோட்டத்தில் காய்ந்த கிளைகளைக் கழிக்கும்போதும் கேட்பது இதே சத்தம்தான்.

அந்த இயந்திரத்துக்குள் உங்கள் பாடநூலின் பல பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து கொண்டால், அதன் அருகில் ஏன் போகக்கூடாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

புழுவைக் கவனித்த மனிதர்

பழைய சங்கிலி ரம்பங்களின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே இருந்தன. அவை மரத்தைச் சுரண்டித்தான் அறுத்தன. சீக்கிரம் மழுங்கின. மீண்டும் தீட்டுவதற்குக் கைதேர்ந்த ஆள் தேவைப்பட்டார்.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர் விறகு பிளந்து கொண்டிருந்தார். ஒரு கட்டைக்குள் ஆள்காட்டி விரல் பருமனுள்ள புழு ஒன்று மரத்தைக் குடைந்து செல்வதைக் கண்டார். அது ஒரு வண்டின் புழு. மரத்தின் நார் ஓடும் திசையிலும், நாருக்குக் குறுக்கேயும் அது சிரமமின்றிக் குடைந்தது. அதன் தாடைகள் ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்திருந்தன. அவை இடமும் வலமும் மாறி மாறிக் கடித்தன.

அந்தத் தாடையைப் போலவே எஃகில் ஒரு பல்லைச் செய்தால் என்ன என்று காக்ஸ் யோசித்தார். 1947இல் அவருடைய புதிய சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளின் பற்களுக்கு அடிப்படை அந்த வடிவம்தான்.

சங்கிலியில் வலப்பக்கம் ஒரு பல், இடப்பக்கம் ஒரு பல் என்று மாறி மாறி இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் இரண்டு கூர்முனைகள் உண்டு. பக்கவாட்டு முனை கத்தியைப் போல நாரைக் குறுக்கே வெட்டும். மேல்முனை தச்சரின் இழைப்புளியைப் போல, வெட்டிய நாரைச் சீவி எடுக்கும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு திமில் இருக்கும். அது பல்லின் முனையைவிட ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல் ஒரே கடியில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று எல்லை போடுவது அந்தத் திமில்தான். யாராவது அதை அளவுக்கு மீறி அராவிவிட்டால், பல் மரத்தை ஆழமாகக் கவ்வும், ரம்பம் துள்ளும்.

தூளா, சீவலா?

ரம்பம் கூராக இருக்கிறதா என்று அறிய அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கீழே விழுவதைப் பார்த்தாலே போதும். கூரான பல் சிறு சிறு சீவல்களைத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளைக் கொட்டும்.

ஏன் இந்த வேறுபாடு? 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 24 சதுர மில்லிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள 8 துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 48 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடும். மரம் அதேதான், ஆனால் மேற்பரப்பு இரட்டிப்பு. புதிய மேற்பரப்பு ஒவ்வொன்றையும் உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. மழுங்கிய ரம்பம் பெட்ரோலை எரித்து, மரத்தைத் தேவையில்லாமல் மாவாக அரைக்கிறது. மிச்ச ஆற்றல் உராய்வால் வெப்பமாகிறது. அதனால்தான் சில சமயம் வெட்டும் இடத்தில் புகை வருகிறது.

மழுங்கிய கருவி பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். அது அறுக்காததால் ஆள் அழுத்துவார். அழுத்தும் கை வழுக்கும். சமையலறைக் கத்திக்கும் இதே விதிதான்.

எஞ்சின் ஓடுகிறது, சங்கிலி ஏன் ஓடவில்லை?

ரம்பத்தை இயக்கிய உடனே எஞ்சின் உறுமும். ஆனால் சங்கிலி அசையாது. விசையை அழுத்திய பிறகுதான் சுற்றும். இதற்குக் காரணம் மையவிலக்கு கிளட்ச். எஞ்சின் தண்டில் சுழலும் சிறு எடைகளை ஒரு சுருள்வில் உள்நோக்கிப் பிடித்து வைத்திருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுகள் என்ற மெதுவான ஓட்டத்தில் அந்தப் பிடி போதும். வேகம் கூடினால் போதாது. சுழலும் பொருளை வட்டப் பாதையில் பிடித்து வைக்கத் தேவைப்படும் விசை, வேகத்தின் இருமடியாகக் கூடும். சுழற்சி 3,000லிருந்து 9,000 ஆனால், வேகம் 3 மடங்கு, தேவைப்படும் விசை 9 மடங்கு. வில்லால் பிடிக்க முடியாமல் எடைகள் வெளியே நகர்ந்து, சுற்றியுள்ள உருளையை அழுத்திப் பிடிக்கும். உருளை சுற்றும், அதனுடன் சங்கிலியும் ஓடும். நம் ஊர் சிறிய மோட்டார் சைக்கிள்களில் கைப்பிடி கிளட்ச் இல்லாமல் வண்டி நகர்வதும் இதே முறையில்தான்.

ரம்பத்தில் இருப்பது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காரில் இருப்பதைப் போல அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. இருந்தால், ரம்பத்தைச் சாய்த்ததும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து விடுகிறார்கள். பல ரம்பங்களுக்கு விகிதம் 50க்கு 1. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெய். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால், பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகிவிடும். கணிதப் பாடத்தில் விகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இது.

பத்தில் ஒரு விநாடி

இப்போது ஆபத்தைப் பார்ப்போம். சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. அது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலி ஓடும் தட்டையான இரும்புப் பட்டையின் மேல் விளிம்பில் சங்கிலி முன்னோக்கி ஓடும், நுனியில் வளைந்து, கீழ் விளிம்பில் ஆளை நோக்கித் திரும்பும்.

அந்த நுனியின் மேல் பாதி ஏதாவது ஒரு கிளையில் பட்டுவிட்டால், பல் மரத்தைக் கவ்விக் கீழ்நோக்கித் தள்ளப் பார்க்கும். மரம் நகராது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரம் திருப்பித் தள்ளும். உடனே பட்டை மேலெழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாயும். இது நடந்து முடிய விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும்.

மனிதனால் தடுக்க முடியாத வேகம் இது. அதனால் தடுக்கும் வேலையை இயந்திரத்திடமே கொடுத்திருக்கிறார்கள். முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு காப்புத் தகடு இருக்கும். ரம்பம் திடீரென்று மேலெழும்போது, அந்தத் தகடு தான் இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும். பேருந்து திடீரென்று புறப்பட்டால் நீங்கள் பின்னால் சாய்கிறீர்களே, அதே நிலைமம்தான். நியூட்டனின் முதல் விதி. ரம்பம் நகர்ந்து தகடு பின்தங்கியதும், அதனோடு இணைந்த வில் விடுபட்டு, ஓர் எஃகுப் பட்டி கிளட்ச் உருளையை இறுக்கும். சங்கிலி 0.15 விநாடிக்குள் நின்றுவிடும். மூன்றாம் விதி உண்டாக்கிய ஆபத்தை முதல் விதி தடுக்கிறது!

வெட்டுபவர் அணியும் காப்பு உடையிலும் அறிவியல் உண்டு. அது கவசம் போல இறுகித் தடுப்பதில்லை. உள்ளே நீளமான இழைகள் தளர்வாக அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டதும் இழைகள் உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சிக்கி, அதை நிறுத்திவிடும். தையல் இயந்திரத்தில் நூல் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்கு ரம்பம் வேண்டாம், 30 செண்டிமீட்டர் அடிக்கோல் போதும். நண்பர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். சுழியம் குறித்த முனைக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். அவர் சொல்லாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். விரல் பட்ட அளவைக் குறியுங்கள்.

5 செண்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.10 விநாடி. 11 என்றால் 0.15, 20 என்றால் 0.20, 30 என்றால் 0.25. பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பெரும்பாலோர் 20 செண்டிமீட்டரை ஒட்டியே பிடிப்பார்கள்.

அந்த 0.20 விநாடியில் சங்கிலி 4 மீட்டர் ஓடியிருக்கும். 40 செண்டிமீட்டர் பட்டையுள்ள ரம்பத்தில் அது ஏறத்தாழ நான்கு முழுச் சுற்று. இதை நீங்களே அளந்து பார்த்த பிறகு, “எனக்கு அனுபவம் உண்டு, ஆபத்து வந்தால் கையை எடுத்துவிடுவேன்” என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

உங்கள் அப்பாவோ மாமாவோ தோட்டத்தில் ரம்பம் பிடிப்பவராக இருக்கலாம். அப்படியானால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சங்கிலித் தடுப்பி வேலை செய்கிறதா? காதுக்குக் காப்பு இருக்கிறதா? (அந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்.) காலுக்கு அந்த இழை உடை இருக்கிறதா? மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மரம் சாய்க்கும்போது, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நில்லுங்கள். வேலை முடிந்து எஞ்சின் நின்ற பிறகு போய், கீழே கிடப்பது சீவலா தூளா என்று பாருங்கள். தூளாக இருந்தால், அரத்தை எடுத்துத் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.