பெயர்க் களவு

பொன்னையும் பொருளையும் கவர்வோரே முற்காலத்துக் கள்வர். இக்காலத்திலோ ஒருவருடைய பெயரும் எண்ணுங்கூடக் களவு போகின்றன. உடையவர் அதனை உடனே அறிவதுமில்லை. அவர் பெயரால் வேறொருவன் கடன் பெற்று, அக்கடனைக் கேட்டுக் கடிதம் வரும்போதே அறிந்து திகைக்கிறார்.

இக்களவுக்கு வீட்டாரே வாயில் திறந்துவிடுவதும் உண்டு. ஆதார் அட்டையின் நகலும் வங்கிக் கணக்குத் தாளும் பழைய செய்தித்தாள்களோடு கலந்து எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றை எண் தெரியாவண்ணம் சிறுசிறு துண்டுகளாகக் கிழித்தல் வேண்டும். இரண்டாகக் கிழித்த தாளை ஒட்டிவிடலாம் அன்றோ? நகல் கொடுக்க நேரின், எதன்பொருட்டு, எந்நாளில் கொடுக்கப்பட்டது என்பதை அதன் குறுக்கே எழுதுதல் நன்று. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களுள் முதல் 8 இலக்கங்களை மறைத்து, இறுதி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் நகலும் உண்டு. பணம் பறிபோயிற்று எனத் தெரிந்தால், நாணித் தயங்காது, 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.