நிறுவல் மென்பொருளை மீள்வடிவமைத்தல்: முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்திற்கு ஓர் உண்மை உதாரணம்



முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தின் படிமுறைகளை வரிசையாகக் கூறும்படி கேட்டால், பல்லேகலயில் என் வகுப்புக்கு வரும் அநேகர் பிழையின்றிக் கூறுவர். "இப்படிமுறை ஏன் அவசியம்? காரணம் தருக" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். க.பொ.த. (சா/த) பரீட்சையில் புள்ளிகள் இழக்கப்படுவதும் அவ்விடத்திலேயே. கலைப் பட்டதாரியான எனக்கும் இப்பாடம் நன்கு விளங்கியது ஓர் உண்மைச் சம்பவத்தின் மூலமே. அதனை இங்கு படிமுறையாகத் தருகின்றேன்.

பின்னணி

கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவுவதற்கு உதவும் மென்பொருளே நிறுவல் மென்பொருளாகும். பெடோரா லினக்ஸின் நிறுவல் மென்பொருளின் பெயர் அனகொண்டா. இது பெரும்பாலும் பைதன் மொழியில் எழுதப்பட்டது. அனகொண்டா என்ற சொல் இலங்கையிலிருந்தே உலகிற்குச் சென்றது என்றும், அதன் மூலம் தமிழிலுள்ள 'யானை கொன்றான்' அல்லது சிங்களத்திலுள்ள 'ஹெனகந்தயா' என்றும் கூறுவர். நமது கண்டி மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, தமிழ், சிங்கள வசதிகளுடன் உருவாக்கப்பட்ட ஹந்தானை லினக்ஸும் பெடோராவை அடிப்படையாகக் கொண்டதே.

1. தேவைகளை இனங்காணல்

பழைய அனகொண்டாவில் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 'அடுத்து' என்பதை அழுத்திக்கொண்டே செல்ல வேண்டும். புதிய வசதிகள் சேரச் சேரத் திரைகளும் பெருகின. இடையில் ஒரு தெரிவை மாற்ற விரும்பினால், வந்த வழியே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இங்கு பயனர் யார் என்பதே முதல் வினா. ஒருவர் வீட்டில் ஒரேயொரு கணினி வைத்திருக்கும் மாணவர். மற்றவர் பல வன்தட்டுகள் கொண்ட சேவையகங்களைப் பராமரிப்பவர். இருவருக்கும் ஒரே மென்பொருள்.

என் மாணவர் ஒருவர், அக்காவின் கணினியில் லினக்ஸ் நிறுவ முயன்று, திரையிலிருந்ததை வாசிக்காமல் முழு வன்தட்டையும் தெரிவுசெய்துவிட்டார். அக்காவின் ஆய்வறிக்கை அழிந்தது. வேறு பிரதியும் இருக்கவில்லை. "நிறுவ வேண்டும்" என்பது தொழிற்பாட்டுத் தேவை. "தவறுதலாகத் தரவு அழியாதவாறு, தெளிவாக நிறுவ வேண்டும்" என்பது தொழிற்பாடல்லாத் தேவை. இரண்டாவது சிறியதன்று என்பதை அந்த அக்காவிடம் கேட்டால் தெரியும்.

2. தீர்வினை வடிவமைத்தல்

2011 அளவில் மீள்வடிவமைப்புத் திட்டம் சூடுபிடித்தது. வரிசைத் திரைகளுக்குப் பதிலாக மையத்திரை ஒன்று திட்டமிடப்பட்டது. நேரம், விசைப்பலகை, மென்பொருள் தெரிவு, நிறுவும் இடம் ஆகிய அனைத்தும் அதில் ஒருங்கே தெரியும். விரும்பிய ஒன்றினுள் சென்று மாற்றிவிட்டு மையத்திற்குத் திரும்பலாம். நிறைவு செய்யப்படாத பகுதியில் எச்சரிக்கைக் குறி தோன்றும். அவை நிறைவுறும் வரை நிறுவலைத் தொடங்கும் பொத்தான் இயங்காது.

3. குறிமுறையாக்கலும் சோதித்தலும்

புதிய இடைமுகம் பெடோரா 18 உடன் வெளிவர வேண்டும் என்பது திட்டம். குறித்த நாள் 2012 நவம்பர் 6. ஆனால் வேலை முடியவில்லை. பழைய பதிப்பிலிருந்து தரமுயர்த்தும் வசதிக்கும் தனிக்கருவி ஒன்று தேவைப்பட்டது. சோதனையில் வழுக்கள் வெளிப்பட, நாள் மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டது. ஈற்றில் 2013 ஜனவரி 15 அன்றே பெடோரா 18 வெளியானது. தாமதம் சரியாக 10 வாரங்கள்.

ஏன் பழையதை வைத்துக்கொண்டு உரிய நாளில் வெளியிடவில்லை? இலகுவாகப் பழையதற்குத் திரும்ப வழி இருக்கவில்லை. இதுவே இச்சம்பவத்தின் மையப் பாடமாகும்: புதியதைத் திட்டமிடும்போதே, அது உரிய காலத்தில் முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் திட்டமிட வேண்டும்.

4. நிறுவுகையும் பராமரித்தலும்

பழையதை நிறுத்திவிட்டு ஒரே தடவையில் புதியதற்கு மாறுவது நேரடி நிறுவுகை. பெடோரா 18 இல் நடந்தது அதற்கு ஒப்பானது. வெளியான பின்னரும் பயனர்கள் முறைப்பட்டனர். 'முடிந்தது' என்னும் பொத்தான் திரையின் இடது மேல் மூலையில் இருந்தது. கீழே தேடிப் பழகியவர்கள் தடுமாறினர். வன்தட்டைப் பிரிவிடும் திரையும் விமர்சனத்துக்குள்ளானது. அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தங்கள் செய்யப்பட்டன. 2014 இல் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 உம் இப்புதிய வடிவத்தையே பயன்படுத்தியது.

5. வட்டம் மீண்டும் சுழல்கிறது

2022 இல், இணைய உலாவித் தொழினுட்பத்தில் அமைந்த மற்றொரு இடைமுகம் பற்றி அறிவிக்கப்பட்டது. 2023 இல் அதனைச் சேர்க்க முன்மொழிந்தபோது, தயார்நிலை போதாமையால் பிற்போட்டனர். இம்முறை பழைய இடைமுகம் கையிலிருந்தது. ஆகவே பெடோராவின் வெளியீடு அதற்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஏப்ரலில் பெடோரா 42 இன் வேர்க்ஸ்டேஷன் பதிப்பில் மாத்திரம் முதலில் அறிமுகமானது. இது முன்னோடி நிறுவுகைக்கு நெருங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய இடைமுகத்தில் திரைகள் மீண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் குறைவாகவும் எளிதாகவும். பழைய முறை முற்றிலும் தவறல்ல. அது சுமந்த பாரமே அதிகமாக இருந்தது. பராமரித்தலில் கிடைக்கும் அனுபவம் அடுத்த தேவை இனங்காணலுக்கு வழிகாட்டுவதனாலேயே இது 'வட்டம்' எனப்படுகிறது.

மாதிரி வினா

நேரடி நிறுவுகையின் பிரதிகூலம் ஒன்றையும் அதனைக் குறைக்கும் வழி ஒன்றையும் தருக.

விடை: புதிய முறைமை பழுதுற்றால் பயன்படுத்தப் பழைய முறைமை இராது. முதலில் ஒரு பிரிவில் மாத்திரம் முன்னோடியாக நிறுவி, வழுக்களை நீக்கிய பின் ஏனைய பிரிவுகளுக்கு விரிவாக்கலாம்.

கவனத்திற் கொள்க: விடையில் "நல்லதல்ல" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது, காரணம் எழுதுக. வீட்டில் எந்த மென்பொருளை நிறுவுமுன்னும் முக்கிய கோப்புகளை வேறொரு சாதனத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பரீட்சையில் தவறினால் மறுமுறை தோற்றலாம். அழிந்த வன்தட்டுக்கு மறுமுறை கிடைப்பது அரிது.