வீட்டுக்கும் வேணும் ஒரு செக்-அப்!

சித்திரை வெயிலில் வீடு பார்க்கப் போகிறீர்கள். சுவரெல்லாம் பளிச்சென்று புது பெயிண்ட். ஹாலில் நல்ல காற்று. 'இதையே முடிச்சுடலாம்ப்பா!' என்று குடும்பமே குதிக்கிறது. அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.

ஐப்பசி பிறக்கிறது. நாலு நாள் அடைமழை. பெட்ரூம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம்! ராத்திரியானால் சின்னவனுக்கு இழுப்பு. டாக்டர் அவனுக்கு மருந்து கொடுப்பார். சுவருக்கு?

ஈரம் படிந்து பூசணம் பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறுகள் வரவும், ஆஸ்துமா அதிகமாகவும் வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே, பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது போல வீட்டிலும் பார்த்துவிடுங்கள்.

இதில் உங்களுக்குக் கைகொடுக்கக் கூடியவர்... வீடு காட்ட வந்த புரோக்கரேதான்!

'அவருக்குக் கமிஷன்தானே குறி?' என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால், அந்த ஏரியாவிலேயே பல வருஷம் அலைந்தவர் அவர். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் யாரும் நிலைத்துத் தங்குவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டால்தான் வாயைத் திறப்பார்! அதனால் முதல் நாளே, "சார், குழந்தைக்கு வீசிங் இருக்கு. ஓதம் அடிக்கிற வீடுன்னா காட்டவே வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் வீண் அலைச்சல் மிச்சம்.

புரோக்கரிடம் என்னென்ன கேட்கலாம்?

* "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" முடிந்தால் அவர்களிடமே பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

* "இந்தச் சுவருக்கு மட்டும் ஏன் புது பெயிண்ட்?" பாத்ரூமை ஒட்டிய சுவர், மேல் மாடிக் கூரை, ஜன்னலுக்குக் கீழே... இந்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று ஈரமாக இருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ உஷார்!

* "மழைத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" சென்னையில் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் குறிப்பிட்டே கேளுங்கள். பக்கத்து வீட்டிலும், தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் ஒத்துப் போகிறதா?

* "செப்டிக் டேங்க் எங்கே இருக்கு? போர்வெல், சம்ப் எங்கே?" இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தண்ணீரைப் பரிசோதிக்காமல் விடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். குடிக்கும் தண்ணீரில், 100 மில்லியில் ஒரு கோலிஃபார்ம் கிருமிகூட இருக்கக் கூடாது.

* "எர்த் சரியா இருக்கா?" பழைய வீடு என்றால் கட்டாயம் கேளுங்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து. எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு உதவி கேளுங்கள்... சாவி! ஜன்னல்களைச் சாத்தி ஒரு நாள் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒரு நல்ல மழைக்குப் பிறகும் இன்னொரு முறை பாருங்கள்.

புரோக்கர் இன்ஜினீயர் அல்ல. விரிசலோ கசிவோ கண்ணில் பட்டால், செலவைப் பார்க்காமல் ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துப் போங்கள்.

புது ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் வீடு விற்றுத் தரும் ஏஜெண்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டடத்தின் தரம் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. சாவி கைக்கு வந்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்கள் கேள்விகள்தான் காவல்!

கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற புரோக்கர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வாங்கிப் போடுங்க" என்று மழுப்புகிறாரா? அட்வான்ஸ் கவரைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்புங்கள்!