வைட்டமின் 'சி' மாத்திரை: யாருக்கு, எவ்வளவு?

உணவின் வழியே உடலுக்குச் சேர வேண்டிய ஒரு சத்தை மாத்திரையாக வாங்கி விழுங்கும் வழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நன்கு வேரூன்றிவிட்டது. அவ்வகை மாத்திரைகளுள் பெரும்பாலான வீடுகளுக்கு அறிமுகமானது வைட்டமின் 'சி' ஆகும். மருந்துக் கடையின் அடுக்குகளில் 100 மில்லிகிராம் முதல் 1000 மில்லிகிராம் வரை பல அளவுகளில் அது கிடைக்கிறது. விழுங்குவது, சப்புவது, நீரில் இட்டால் நுரைத்துக் கரைவது எனப் பல வடிவங்களிலும் வருகிறது. விலையும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது. அளவு கூடினால் நன்மையும் கூடும் என்று கருதி, 1000 மில்லிகிராம் மாத்திரையையே நாடுவோர் பலர். அக்கருத்து சரிதானா? சளிக்கு அது மருந்தாகுமா? எவருக்கு அது தேவை, எவருக்கு அது தீங்கு? இவ்வினாக்களுக்கு விடை காண, அச்சத்து உடலில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உடல் ஆக்கிக்கொள்ள இயலாத சத்து

வைட்டமின் 'சி' என்பது அஸ்கார்பிக் அமிலம் என்னும் புளிப்பான வெண்ணிறப் பொருள். நீரில் எளிதில் கரையக்கூடியது. ஆடு, மாடு, நாய், பூனை முதலிய பெரும்பாலான பிராணிகள் தமக்கு வேண்டிய வைட்டமின் 'சி'யைத் தம் ஈரலிலேயே சர்க்கரையிலிருந்து ஆக்கிக்கொள்கின்றன. மனிதனும் குரங்கினங்கள் பலவும் அவ்வாற்றலை இழந்துவிட்டன. அதனை ஆக்குவதற்குத் தேவையான நொதிப்பொருள்களுள் கடைசியானது மனித உடலில் உண்டாவதில்லை. ஆகவே மனிதன் உணவின் மூலமாகத்தான் அதனைப் பெற்றாக வேண்டும்.

தோல், ஈறு, எலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் ஆகியவற்றைக் கட்டிக் காப்பது கொல்லாஜென் என்னும் புரத நார். அந்நார் உறுதியாக முறுக்கேறுவதற்கு வைட்டமின் 'சி' இன்றியமையாதது. அது குறைந்தால் ஈறு வீங்கிக் குருதி கசியும், தோலின் அடியில் இரத்தம் கட்டும், புண் ஆறாது, மூட்டு வலியும் களைப்பும் மிகும். இந்நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர். இதுவன்றி, கீரை, பயறு முதலியவற்றில் உள்ள இரும்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வதற்கும் வைட்டமின் 'சி' துணை புரிகிறது.

கடலோடிகள் தந்த பாடம்

பல மாதங்கள் கடலில் செல்லும் கப்பல்களில், காய்ந்த ரொட்டியையும் உப்பிட்ட இறைச்சியையுமே உண்டு வாழ்ந்த மாலுமிகளை ஸ்கர்வி நோய் முற்காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1747ஆம் ஆண்டில், சாலிஸ்பரி என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் என்பார், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். உணவு அனைவர்க்கும் ஒன்றே. மருந்து மட்டும் வேறு வேறு. ஓர் இணைக்குக் காடி, மற்றோர் இணைக்குக் கடல்நீர் என்றவாறு அளித்த அவர், ஓர் இணைக்கு மட்டும் நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் ஓர் எலுமிச்சையையும் கொடுத்தார். ஆறே நாள்களில் பழம் உண்ட இருவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவு தேறினார். 1753இல் லிண்ட் தம் நூலை வெளியிட்டார். எனினும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பரவலாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். அதற்கு முந்திய ஆண்டிலேயே லிண்ட் மறைந்துவிட்டார்.

பழத்தில் இருந்த அப்பொருள் இன்னதென்று தெரிய மேலும் நெடுங்காலம் ஆயிற்று. ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி 1928இல் அதனைத் தனியே பிரித்தெடுத்தார். 1932இல் அதுவே வைட்டமின் 'சி' என்பது உறுதியாயிற்று. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில், 1933ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தாடியுஸ் ரைக்ஸ்டைன் அதனைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டார். மாத்திரைகள் மலிவாகப் பெருகியதற்கு வழிவகுத்தது இதுவே. ஆலையில் ஆக்கப்படும் அஸ்கார்பிக் அமிலமும் ஆரஞ்சுப் பழத்தில் உள்ள அஸ்கார்பிக் அமிலமும் ஒன்றே. உடல் அவ்விரண்டுக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை.

எவ்வளவு போதும்?

இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஓர் ஆய்வு நடந்தது. போர் புரிய மறுத்த இளைஞர் சிலர், வைட்டமின் 'சி' இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்ணத் தாமே முன்வந்தனர். அவர்களுக்கு ஸ்கர்வி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர், நாளொன்றுக்கு வெறும் 10 மில்லிகிராம் கொடுத்தபோது நோய் தீர்ந்தது. நோய் வராமல் தடுக்க அவ்வளவு சிறிய அளவே போதும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும், நோயின்றி இருப்பது வேறு. உடலின் இருப்பு நிறைந்திருப்பது வேறு. ஆதலால் நாடுகள் சற்றுத் தாராளமாகவே அளவை வகுத்துள்ளன. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூறும் கணக்கு. மலேசியாவில் அது 70 மில்லிகிராம். அமெரிக்காவில் ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 75. புகைபிடிப்போர்க்கு மேலும் 35. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் சிறிது கூடுதலாகப் பெற வேண்டும்.

இவ்வளவு சிறிய எண்களுக்கும் 1000 என்ற எண்ணுக்கும் எங்கே பொருத்தம்? 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. உடல்நலம் மிக்க இளைஞர் எழுவருக்கு 30 முதல் 2500 மில்லிகிராம் வரை படிப்படியாக அளித்து, அவர்தம் குருதியும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவிலேயே குருதியின் வெள்ளை அணுக்கள் நிறைந்துவிட்டன. ஒரே வேளையில் தந்த 200 மில்லிகிராமைக் குடல் முழுவதும் ஏற்றது. அதற்கு மேற்பட்ட அளவுகளில் ஏற்கும் பங்கு குறைந்துகொண்டே போயிற்று. 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் தந்தபோது, உறிஞ்சப்பட்டதும் ஏறக்குறைய முழுமையாகச் சிறுநீரில் வெளியேறியது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தால் அது வழிந்தோடுமேயன்றிக் குடத்தில் தங்காது. 1000 மில்லிகிராம் மாத்திரைக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இவ்வாறே வழிந்தோடுகிறது.

சளிக்கு மருந்தா?

வைட்டமின் 'சி'யைப் பேரளவில் உண்டால் சளி அண்டாது என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியவர் லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர். நோபல் பரிசை இருமுறை பெற்ற அவர், 1970இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். அவர்தம் பெருமை அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஆனால், அதன் பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த மதிப்பீடு வேறு முடிவைக் காட்டுகிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் வளர்ந்தவர்களிடையே சுமார் 8 விழுக்காடும், குழந்தைகளிடையே சுமார் 14 விழுக்காடும் குறைந்தது. அதாவது, பத்து நாள் இருக்க வேண்டிய சளி வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளுக்கும் குறைவான நேரம் முந்தித் தீரலாம். சளி பிடித்த பின் மாத்திரையைத் தொடங்கியோர்க்கு உறுதியான பயன் காணப்படவில்லை. நெடுந்தொலைவு ஓடுவோர், கடுங்குளிரில் பயிற்சி பெறும் போர்வீரர் போன்று உடலைக் கடுமையாக வருத்துவோரிடம் மட்டுமே சளி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

சந்தையே முதல் மருந்தகம்

நூறு கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உண்டு. அதே எடையுள்ள பப்பாளியில் சுமார் 60, ஆரஞ்சில் சுமார் 50, சிவப்புக் குடைமிளகாயில் 120க்கு மேல் உண்டு. பச்சைப் பாகற்காயிலும் 80 அளவு இருக்கிறது. வாழைப்பழத்தில் அது மிகக் குறைவு. ஒரு நாள் தேவைக்குப் பாதிக் கொய்யாவே போதுமானது.

வெப்பமும் காற்றும் இச்சத்தைச் சிதைக்கும். நீர் அதனைக் கரைத்துக்கொண்டு போகும். எனவே காய்கறிகளை நறுக்கி நெடுநேரம் வைத்தலும், நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடுதலும் கூடா. எலுமிச்சைச் சாற்றைச் சமையல் முடிந்து அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிதல் நன்று. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சையோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும்.

அவ்வாறாயின் மாத்திரை எவர்க்குமே வேண்டாவா? அப்படியன்று. பல் இழந்தமையால் பழத்தையும் காய்கறியையும் தவிர்த்து, ரொட்டியும் காப்பியுமாகத் தனித்து வாழும் முதியோர், மிகுதியாகப் புகைபிடிப்போர், மதுவுக்கு அடிமையாகி உணவைக் குறைத்தோர், குடல் நோயினால் சத்தை உறிஞ்ச இயலாதோர் ஆகியோரிடம் குறைபாடு தோன்றக்கூடும். வீடுகளில் கவனிக்கப்பட வேண்டியவர்கள் இவர்களே. சிறிய மாத்திரை ஒன்று இவர்களுக்குப் பெருந்துணையாகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, அளவு. நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை போதுமானது. கூடுதல் விலை கொடுத்து 1000 வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வகை. சாதாரண அஸ்கார்பிக் அமிலமே மலிவானது, பயனிலும் குறைந்ததன்று. அதன் புளிப்பு வயிற்றுக்கு ஒவ்வாதவர்கள் கால்சியம் அஸ்கார்பேட் போன்ற புளிப்புக் குறைந்த வகையை நாடலாம். 'இயற்கையானது' என்ற சொல்லுக்காக மிகுதி விலை கொடுப்பது வீண். நீரில் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அவற்றை நாள்தோறும் பருகுதல் தகாது. சப்பும் மாத்திரையின் புளிப்பும் சர்க்கரையும் பற்களைக் கெடுக்கும். குழந்தைகள் அதனை மிட்டாயாக எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பதிவு. மலேசியாவில் விற்கப்படும் இத்தகைய மாத்திரைகளின் மேலுறையில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் இறக்குமதி செய்வோரும் விற்போருமே பொறுப்பாவர். ஆதலின் அங்கு வாங்குவோர் நம்பகமான மருந்துக் கடையை நாடுதல் நலம்.

நான்காவது, காப்பு. ஈரமும் வெப்பமும் மிக்க இந்நாடுகளில் மாத்திரை விரைவில் கெடும். அடுப்படியிலோ குளியலறையிலோ வைக்காமல், உலர்ந்த இடத்தில் இறுக மூடி வைத்தல் வேண்டும். காலாவதித் தேதியையும் நோக்குதல் வேண்டும்.

உணவுக்குப் பின் உட்கொள்வது வயிற்றுக்கு இதமானது. பல சத்துகள் கலந்த மாத்திரையை முன்பே உண்டுவருவோர், அதில் உள்ள வைட்டமின் 'சி'யையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவர் விலகி நிற்க வேண்டும்?

நீரில் கரையும் சத்தாதலால் மிகுந்தாலும் தீங்கில்லை என்பது முழு உண்மையன்று. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமைக் கடத்தல் கூடாது என்பது அமெரிக்க வரையறை. அதற்கு மேற்பட்டால் வயிற்றுவலியும் பேதியும் உண்டாகும். உடலில் வைட்டமின் 'சி'யின் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை ஆக்சலேட்டால் ஆனவை. சுவீடனில் ஏறத்தாழ 23,000 ஆடவரைப் பதினோர் ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாத்திரை உண்டோரிடம் சிறுநீரகக் கல் சுமார் இரு மடங்கு காணப்பட்டது. அங்கு வழங்கிய மாத்திரைகள் பெரும்பாலும் 1000 மில்லிகிராம் அளவுடையவை. முன்பு கல் வந்தவர்களும், சிறுநீரகம் பழுதுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

தலசீமியா போன்ற நோயால் உடலில் இரும்பு மிகுந்தவர்களுக்கும் இஃது ஆபத்தாகலாம். 'ஜி6பிடி' என்னும் நொதிக் குறை உள்ளவர்களுக்குப் பேரளவு வைட்டமின் 'சி'யால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். இக்குறை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரிதன்று. பிறந்த குழந்தைகளிடம் இதனைச் சோதிப்பது இங்கு வழக்கம். தம் குழந்தைக்கு இக்குறை இருப்பதை அறிந்த பெற்றோர், மருந்து வாங்குந்தோறும் அதனைக் கடைக்காரரிடம் சொல்லுதல் வேண்டும். மேலும், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனைகள் சிலவற்றில், வைட்டமின் 'சி' அவ்விரத்தத்தைக் காட்டாமல் மறைத்துவிடும். சோதனைக்குச் செல்வோர் தாம் உண்ணும் மாத்திரையைப் பற்றி முன்னரே கூறிவிடுதல் நன்று.

இவை எல்லாவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஈறில் குருதி கசிகிறது, களைப்பு தீரவில்லை, சளி வாரக்கணக்கில் விடவில்லை என்றால், அதனைச் சத்துக் குறைவு என்று தாமே முடிவு செய்து மாத்திரையிலேயே நாள்களைக் கழிப்பதுதான் அது. ஈறு கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈறு நோயே. களைப்புக்கும் விடாத சளிக்கும் வேறு பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை அறிந்து சொல்ல வல்லவர் மருத்துவரே. அன்றாட நலத்துக்கு ஒரு கொய்யாத் துண்டு போதும். பழம் உண்ண இயலாதவர்க்குச் சிறிய மாத்திரை போதும். அதற்கு மேல் தோன்றும் நோய்க்குறிகளை மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமையாகும்.