பெயர் இல்லாத மாத்திரை

விடியற்காலையில் வடமதுரை வழியே மில் வண்டிகள் வரிசையாகப் போகும். சுற்றிலும் நூற்பாலைகள். எதிர்வீட்டுப் பெண் அன்று வண்டி ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்தாள். சுக்குப் போட்டு டீ கொடுத்தேன்.

"மில்லுல ஒரு மாத்திரை தருவாங்கக்கா. போட்டா அன்னிக்கு ஓடிரும்."

"என்ன மாத்திரை?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி, 2019இல் இதைத்தான் எழுதினார்கள். மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் கொடுத்த மாத்திரைகளில் பெரும்பாலும் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பார்த்தால், இபுபுரூஃபன் போன்ற சாதாரண வலி மாத்திரைகள். அப்படியானால் குற்றம் மாத்திரையிலா?

டீ மாஸ்டர் வடிதுணியை முறுக்கிப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாதவிடாயின்போது கருப்பையும் அப்படித்தான் தன் உள்சவ்வைப் பிழிந்து வெளியேற்றுகிறது. பிழியச் சொல்லும் வேதிப்பொருள் புரோஸ்டாகிளாண்டின். அது மிகுந்தால் பிடி இறுகி, தசைக்கே ரத்தம் போகாமல் வலிக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடவே வருவதும் இந்த வேதிப்பொருளால்தான்.

இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்றவை அந்தப் பொருள் உற்பத்தியாவதையே குறைக்கின்றன. ஆகவே வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். துடித்துத் தீர்த்தபின் போடுவது, வயல் மூழ்கியபின் மடையை அடைக்கிற கதை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமை தரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரித்தது. காய்ச்சலோடு தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெயரே தெரியாதவள் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பாள்?

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது நிஜமாகவே உதவும். சுக்கு டீயும் இதம்தான். ஆனால் "கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்பது மருந்தல்ல.

வருடத்துக்கு வருடம் வலி கூடினால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், மற்ற நாட்களிலும் வலித்தால், மலம் கழிக்கையிலோ தாம்பத்தியத்திலோ வலித்தால், மணிக்கொரு பஞ்சு மாற்றும் அளவுக்கு ரத்தம் போனால், உள்ளே வேறு காரணம் இருக்கலாம். கருப்பைக் கட்டியாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம்: கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அதனால் "ஸ்கேன் நார்மல்" என்றதும் கேள்வியை முடித்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம் என்று அவளிடம் சொன்னேன்.

"கல்யாணம் ஆகாதவ பிரசவ வார்டு பக்கம் போனா ஊரு என்னக்கா சொல்லும்?"

அவள் வண்டி ஏறாததைவிட, இந்தப் பயம்தான் என்னை உலுக்கியது. வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுப்பார்கள், உள்பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, துணைக்கு நான் வருகிறேன் என்றேன். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பஸ் ஏறினால் போதும். போகுமுன் கேட்க 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது.

பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்துக் கொடுத்தேன். எந்தத் தேதியில் வலி, எத்தனை நாள், எத்தனை பஞ்சு, என்ன மாத்திரை, கேட்டதா இல்லையா. மருத்துவர் கேட்கப்போவது இவைதான். நான்காவதற்கு வந்ததும் பேனா நின்றது.

"பேரு கேட்டுட்டு வந்து எழுதுறேன்க்கா" என்றாள்.